பிறந்த தேதியும் பிள்ளைகளின் காவலும்

(பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களின் ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



விடியுமுன் ஏரிக்குள் சென்று, வலை இழுத்து, கரை சேர்ந்து, மீனை விலைக்குக் கொடுத்துவிட்டு, சற்று இளைப்பாற வேண்டிய வேளையில் இங்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். அக்கம்பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து உழவர் பெருமக்களும் வந்திருக்கின்றீர்கள். ஆதலால், சொல்ல வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதே முறையாகும்.

நாம் பேச எடுத்துக்கொண்டது இனிமையான விஷயமன்று. சிறு பிள்ளைகள்மீது நடக்கும் பாலியல் கொடுமையைப் பற்றியும், அவ்வழக்குகளில் பிள்ளையின் வயதை நிலைநாட்டுவது பற்றியும் பேசப் போகின்றோம். சபையில் பேசத் தகாத பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பேசாமல் மூடி வைத்ததால் எந்தப் பிள்ளையும் காப்பாற்றப்பட்டதில்லை. கெடுதல் செய்தவனே காப்பாற்றப்பட்டிருக்கின்றான். ஆகவே, பெற்றோராகவும் ஊருக்குப் பொறுப்பானவர்களாகவும் இதைக் கேட்க வேண்டுகின்றோம்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து கோட்டை கட்டி வணிகம் செய்தவர்கள் அவர்கள். இறந்துபோன தம்மவர்களின் பெயரையும் ஆண்டையும் கருங்கல்லில் செதுக்கி வைத்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வெழுத்துக்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அந்நியர் இறந்த தேதி கல்லில் இருக்கின்றது. அக்கல்லறைகளுக்கு அடுத்த தெருவில் பிறந்த நம் பிள்ளையின் தேதி காகிதத்தில்கூட இல்லை என்றால், அது நமக்கு அழகாகுமா?

நம் மீனவ மக்களுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. இந்த ஏரியில் தலைமுறை தலைமுறையாகப் பாடு முறை நடந்து வருகின்றது. எவருக்குப் பாடு உரிமை உண்டு, எந்த நாளில் எந்த இடத்தில் எவர் வலை போடலாம் என்பதையெல்லாம் ஊர் கூடி முடிவு செய்து, பிசகாமல் நடத்தி வருகின்றீர்கள். ஒருவருடைய முறையை மற்றொருவர் எடுத்துக்கொள்ள ஊர் அனுமதிப்பதில்லை. ஒரு நாள் பாட்டுக்கு இத்தனை கருத்தாகக் கணக்கு வைத்திருக்கும் ஊர், ஒரு பிள்ளை பிறந்த நாளுக்குக் கணக்கு வைக்க முடியாதா? முடியும். அதன் அவசியத்தை இதுவரை எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே குறை.

அந்த அவசியம் யாது என்று பார்ப்போம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், 2012ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிறையாத ஆண், பெண் இருபாலரையும் இச்சட்டம் குழந்தை என்றே கருதுகின்றது. குழந்தை இசைந்தது என்று சொல்லி எவரும் தப்ப முடியாது. குழந்தையின் இசைவைச் சட்டம் இசைவாக ஏற்பதில்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இந்த வயது எல்லை பத்தாக இருந்தது. 1891இல் பெரும் வாதங்களுக்கிடையே அதைப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். பின்னர் படிப்படியாக உயர்ந்து இன்று பதினெட்டில் நிற்கின்றது.

இச்சட்டத்தில் வயது என்பது மூன்று வாயில்களைப் போன்றது. பதினெட்டு முதல் வாயில். அதற்குக் குறைந்தவர் என்று நிரூபித்தால்தான் வழக்கு இச்சட்டத்துக்குள் நுழையும். பதினாறு இரண்டாவது வாயில். வன்புணர்ச்சிக் கொடுமைக்கு ஆளான பிள்ளை பதினாறு வயதுக்குட்பட்டதாக இருந்தால், குறைந்த அளவு தண்டனையே இருபது ஆண்டுச் சிறை. பதினாறு முதல் பதினெட்டுக்குள் இருந்தால் குறைந்த அளவு பத்து ஆண்டு. பன்னிரண்டு மூன்றாவது வாயில். அதற்கும் குறைந்த வயதுப் பிள்ளையிடம் செய்த குற்றம் கொடிய வகைக் குற்றமாகி, இருபது ஆண்டு முதல் ஆயுள்வரை, சில நேரங்களில் மரண தண்டனைவரையும் செல்லும். இந்த அளவுகள் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தவை. ஆகவே, குற்றம் நடந்த அன்று பிள்ளைக்கு என்ன வயது என்ற கேள்விக்கு விடை கிடைத்தாலன்றி, நீதிபதி எந்தத் தண்டனையை விதிப்பது என்றே முடிவு செய்ய இயலாது.

ஓர் உதாரணம் சொல்லுவோம். இது கற்பனை உதாரணமே. ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஒரு பெண் குழந்தை 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிறந்தது. வீட்டில் பிறந்ததால் பதிவு செய்யவில்லை. 2014 ஜூன் மாதத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்த்து இதையும் பள்ளிக்கு அழைத்துச் சென்றார்கள். ஐந்து வயது நிறைய வேண்டும் என்றார் ஆசிரியர். நிறைந்துவிட்டது என்றார் தகப்பனார். சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி 1-6-2009 என்று எழுதப்பட்டது. ஐந்து மாத வித்தியாசம்தானே என்று அன்று ஒருவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

2025 ஜூன் மாதம் 5ஆம் தேதி அப்பெண்ணுக்கு ஒரு கயவனால் கொடுமை நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அன்று அவளுக்கு வயது பதினைந்து முடிந்து ஏழாவது மாதம் நடக்கின்றது. குறைந்த தண்டனை இருபது ஆண்டு. பள்ளிக் கணக்கின்படி அவளுக்குப் பதினாறு வயதும் நான்கு நாளும். குறைந்த தண்டனை பத்து ஆண்டு. அன்று எழுதிய ஒரு வரி, பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு குற்றவாளிக்குப் பத்து ஆண்டுச் சலுகையாக மாறிவிடக்கூடும். பள்ளிக்கூடமும் இல்லை, பிறப்புப் பதிவும் இல்லை என்றால் நிலைமை இன்னும் மோசமாகும். அது எப்படி என்பதையும் சொல்லுகின்றோம்.

வயதை எப்படித் தீர்மானிப்பது என்பதற்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 94ஆம் பிரிவில், ஒரு வரிசையை வகுத்துள்ளது. இது சட்டத்துடன் முரண்பட்ட சிறுவர்களுக்காக ஏற்பட்ட வழி. பாதிக்கப்பட்ட பிள்ளையின் வயதுக்கும் இத்தகைய வழியையே கைக்கொள்ளலாம் என்று, அப்போதிருந்த விதிகளை வைத்து, 2013ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. வரிசை இதுதான்: முதலில், பள்ளி வழங்கும் பிறந்த தேதிச் சான்று அல்லது தேர்வு வாரியத்தின் பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லையென்றால், மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி வழங்கிய பிறப்புச் சான்று. இவை இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்த்து மருத்துவர் சொல்லும் வயது.

எலும்புப் பரிசோதனை என்பது ஊடுகதிர்ப் படம் எடுத்து, மூட்டெலும்புகள் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று கண்டு வயதை மதிப்பிடுவதாகும். நல்ல உணவு உண்ட பிள்ளைக்கும் அரை வயிறு உண்ட பிள்ளைக்கும் இந்த வளர்ச்சி ஒரே மாதிரி இராது. மருத்துவரால் ஒரு தேதியைச் சொல்ல முடியாது. பதினாறிலிருந்து பதினெட்டுக்குள் என்பது போல் ஒரு வரம்பைத்தான் சொல்லுவார். அதிலும் இருபுறமும் இரண்டு ஆண்டு வரை பிழை இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. 2024 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம், போக்சோ வழக்குகளில் அந்த வரம்பின் மேல் எல்லையைக் கொண்டு, அதற்கு மேல் இரண்டு ஆண்டுப் பிழையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பதினாறு முதல் பதினெட்டு என்று மருத்துவர் சொன்ன பெண், இக்கணக்கின்படி இருபது வயதினளாகவும் இருக்கலாம். அப்போது வழக்கு முதல் வாயிலிலேயே நின்றுவிடும்.

இதைக் கேட்டு நீதிமன்றத்தின்மீது வருத்தப்பட வேண்டாம். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்பது நம் நீதியின் அடிப்படை. அந்த நெறி நம் வீட்டுப் பிள்ளை ஒருவன்மேல் பொய்க் குற்றம் சுமத்தப்பட்டாலும் அவனைக் காக்கும். ஆகவே, சந்தேகம் எழாமல் பார்த்துக்கொள்வதே நம் கடமை. சந்தேகம் எங்கிருந்து பிறக்கின்றது? எழுத வேண்டிய நாளில் எழுதாமல் விட்டதிலிருந்து பிறக்கின்றது.

நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டையே சான்றாகக் காட்டலாம். 2023 ஜூலை 18ஆம் தேதி நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அதில் தீர்ப்பளித்தது. பெண்ணின் வயதை நிலைநாட்ட அரசுத் தரப்பு நம்பியிருந்தது பள்ளி மாற்றுச் சான்றிதழையும் சேர்க்கைப் பதிவேட்டின் விவரத்தையும்தான். மாற்றுச் சான்றிதழ் 94ஆம் பிரிவு கூறும் ஆவணங்களுள் ஒன்றன்று என்று நீதிமன்றம் கூறியது. எஞ்சியது மருத்துவப் பரிசோதனை. அதன்படி வயது பதினெட்டுக்கும் இருபதுக்கும் இடைப்பட்டது. கீழ் நீதிமன்றங்கள் அளித்த தண்டனை நீங்கியது. அவ்வழக்கின் முடிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. அவற்றுக்குள் நாம் செல்ல வேண்டியதில்லை. நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று: பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாள் எதுவானாலும் போதும் என்று எண்ணியிருப்பது தவறு.

அதுமட்டுமன்று. பள்ளிப் பதிவேட்டில் தேதி இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. அத்தேதியை யார், எதை ஆதாரமாகக் கொண்டு கொடுத்தார் என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று, 1988ஆம் ஆண்டில் ஒரு தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கின்றது. தகப்பனார் வாய்மொழியாகச் சொன்னார் என்பது பலவீனமான ஆதாரம். பிறப்புச் சான்றைப் பார்த்து எழுதினோம் என்பது பலமான ஆதாரம். ஆகவே, எல்லாவற்றுக்கும் வேர் பிறப்புப் பதிவே.

இனி, செய்ய வேண்டியது யாது?

முதலாவது, பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்வது. மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனையார் தெரிவிப்பார்கள். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும். இது 1969ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை. ஊரிலுள்ள கிராம நிர்வாக அலுவலரை அணுகினால் வழி சொல்லுவார்.

இரண்டாவது, பெயரைச் சேர்ப்பது. பல வீடுகளில் சான்றிதழ் இருக்கின்றது. அதில் தாய் தந்தையர் பெயர் மட்டும் இருக்கின்றது, குழந்தையின் பெயர் இல்லை. மூன்று பெண்கள் உள்ள வீட்டில், இந்தச் சான்று இந்தப் பெண்ணுடையதுதானா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? முதல் ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றியே பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். தாய் தந்தையர் பெயரும் குடும்ப அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

மூன்றாவது, விடுபட்டவர்களைக் கண்டுபிடிப்பது. இதுவே ஊராட்சி உறுப்பினர்களின் முக்கிய வேலை. ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் வீடு வீடாகச் சென்று, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பிறப்புச் சான்று இல்லாதவர் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களையும், பிழைப்புக்காக இடம் மாறித் திரும்பியவர்களையும் மறந்துவிடக் கூடாது. அவர்களிடம்தான் தாள் குறைவு. அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். ஓராண்டு கடந்த பிறப்பையும் பதிவு செய்ய வழி உண்டு. பதிவு இல்லை என்ற சான்றைப் பெற்று, அதிகாரம் பெற்ற நடுவரின் ஆணையுடன் காலங்கடந்த பதிவு செய்யலாம். தடுப்பூசி அட்டை, அங்கன்வாடிப் பதிவேடு, மாதா கோயிலின் திருமுழுக்குப் பதிவேடு போன்றவை அதற்குத் துணையாகும். ஒன்றைக் கவனியுங்கள்: குற்றம் நடந்த பின் ஓடிச் சென்று செய்யும் பதிவை நீதிமன்றம் ஐயத்துடன்தான் பார்க்கும். இன்று, எந்த வழக்கும் இல்லாத நாளில், செய்யும் பதிவுக்குத்தான் மதிப்பு.

நான்காவது, பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றைக் காட்டியே தேதியை எழுதச் செய்வது. 2023 அக்டோபர் 1ஆம் தேதி முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறந்த நாளுக்குப் பிறப்புச் சான்றே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. அதற்கு முன் பிறந்து இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தேதிகளைத் தலைமை ஆசிரியரோடு அமர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன்பே திருத்த விண்ணப்பியுங்கள்.

ஐந்தாவது, தாளைக் காப்பது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியதை மறக்கவில்லை. கடலோரத்தில் வாழும் நாம் ஒரே ஒரு தாளை ஓலைப்பெட்டியில் வைத்து நம்பியிருக்கலாகாது. நகல் எடுத்து மேட்டு நிலத்து உறவினர் வீட்டில் ஒன்று வையுங்கள். பதிவானவற்றை இணையவழியில் மீண்டும் பெறவும் இப்போது வசதி இருக்கின்றது.

இவ்வளவும் சொன்ன பின் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மனத்தாங்கல் வேண்டாம். நம் கடற்கரை ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு மதிப்பு மிகுதி. வலைத் தகராறு, பாட்டுத் தகராறு, பங்காளித் தகராறு ஆகியவற்றை ஊர் தீர்த்து வைப்பது நல்லதே. ஆனால், பிள்ளைகள்மீது நடந்த பாலியல் குற்றத்தை ஊர் கூடி அபராதம் விதித்துத் தீர்க்க எவருக்கும் அதிகாரம் இல்லை. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் நிலையத்திலோ சிறார் காவல் பிரிவிலோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்காமல் மறைத்தால் மறைத்தவருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. கெடுத்தவனுக்கே அப்பெண்ணைக் கட்டிவைத்து மானத்தைக் காப்பாற்றினோம் என்று சொல்லுவது பெரும் பிழை. பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணம் முடிப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்னொரு குற்றமாகும். நடத்தி வைத்தவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மானம் பிள்ளையுடையதா, ஊருடையதா என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்கு நீதி கிடைத்தால் ஊருக்கும் மானம் தானே வரும்.

புகார் கொடுப்பதால் பிள்ளையின் பெயர் சந்தி சிரிக்கும் என்று அஞ்ச வேண்டாம். பிள்ளையின் பெயரையோ வீட்டையோ பள்ளியையோ வெளியிடுவதைச் சட்டம் தடை செய்கின்றது. சீருடை அணியாத காவல் அலுவலர், கூடியவரை பெண் அலுவலரே, பிள்ளையின் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் பெற வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். எந்நேரமும் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம், கட்டணம் இல்லை. சட்டம் பெயரை மறைக்கும்போது ஊர் வாயும் அடங்கியிருக்க வேண்டும். திண்ணையிலும் மீன் ஏலத்திலும் அப்பேச்சு எழுந்தால், இங்கு அமர்ந்திருக்கும் பெரியவர்கள் தடுக்க வேண்டும்.

ஒருவேளை வழக்கு வந்துவிட்டால், தாய் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். தலைமை ஆசிரியர் பதிவேட்டுடன் வர வேண்டியிருக்கும். பிறப்பைப் பதிவு செய்த அலுவலரும் வர வேண்டியிருக்கும். அன்று இவர்கள் மூவரும் ஒரே தேதியைச் சொன்னால், எதிர்த்தரப்பின் கேள்விகள் அலையில் கட்டிய மணல் வீடு போலக் கரைந்துபோகும். மூவரும் மூன்று தேதி சொன்னால் கரைந்துபோவது நம் பிள்ளையின் வழக்கு. அம்மூவரையும் ஒரே தேதி சொல்ல வைக்கும் வேலை நீதிமன்றத்தில் தொடங்குவதன்று. குழந்தை பிறந்த வாரத்தில் தொடங்குவது.

உலக நாடுகள் கூடி 1989இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவதைக் குழந்தையின் உரிமைகளுள் ஒன்றாகக் கூறுகின்றது. 1992இல் நம் நாடும் அதில் இணைந்தது. அந்த உரிமையை வழங்கப் பெரும் நிதி வேண்டியதில்லை. பாலமும் சாலையும் போல ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு வார்டிலும் ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு மாத உழைப்பும், அக்கறையுள்ள இரண்டு பேரும் போதும்.

அடுத்த கிராம சபை கூடும்போது, எங்கள் ஊராட்சியில் பிறப்புச் சான்று இல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று எந்த ஊராட்சி முதலில் எழுந்து சொல்லப் போகின்றது? அது இந்த ஏரிக்கரை ஊர்களுள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நம் ஆசை. பாட்டைத் தவறவிடாத ஊர், பிள்ளையின் பிறந்த நாளையும் தவறவிடாது என்று நம்பி, இவ்வுரையை முடித்துக்கொள்கின்றோம்.